பூமிளகு தின்ற நாக்கு

“வத்தி முழுசா எரிஞ்சுதா? பாதியிலயே சட்டியை இறக்கிட்டு என்கிட்ட பொய்—”

“முழுசா எரிஞ்சுது மூத்தாரே. அடிக்குச்சி அந்தக் கிண்ணத்துலயே நிக்குது, வந்து—”

“—சொல்ற! அரைவேக்காட்டை ஊத்திக் கொன்னுட்டு—”

“—வந்து பாருங்க! யாராவது வந்து பாருங்க!”

“எதைடி பாக்கணும்? என் தம்பி மூஞ்சியைப் பாத்துட்டேன். அது போதும் எனக்கு!”

லேய் வன்ஃபு உதைத்தான். ஊதுவத்திக் கிண்ணம் வாசற்படியைத் தாண்டிப் பறந்து வந்து என் நூடுல்ஸ் அடுப்பின் காலில் மோதி உடைந்தது. சாம்பல் கொஞ்சம் கொதிக்கிற சாற்றில் விழுந்தது. குச்சியின் மிச்சம் உருண்டு அடுப்புக்குள் போய், நான் கையை நீட்டுவதற்குள் எரிந்துவிட்டது.

“ஐயோ, அதுதான் என் சாட்சி!” என்று சுன்யிங் அலறினாள்.

“உன் சாட்சி இதோ இருக்கு,” என்று வன்ஃபு அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தலையைக் கதவு நிலையில் மோதினான். பிறகு இன்னொரு தடவை மோதினான், முதல் தடவை சரியாகப் படவில்லை என்பது போல.

வன்ஃபு பன்றி அறுக்கிறவன். விடிந்ததும் கடையிலிருந்து அப்படியே வந்துவிட்டான். இடுப்பில் அகலக்கத்தி தொங்கியது. கூட அவன் கடைசித் தம்பி வன்குய். நடுத்தம்பி வன்சாய் உள்ளே கட்டிலில் பிணமாகக் கிடந்தான். சுன்யிங் அவன் பெண்டாட்டி. இல்லை, அன்று காலையிலிருந்து அவன் விதவை.

வன்சாய் ஃபூ ஆற்றில் படகு இழுக்கிறவன். தோளில் கயிறு, இடுப்பளவு தண்ணீர், இருபது வருஷம். “முட்டிக்குள்ள யாரோ பனிக்கட்டியைச் சொருகிட்டாங்க லான்,” என்று என்னிடம் நூடுல்ஸ் தின்னும்போதெல்லாம் சொல்வான். முட்டியில் இறங்கின குளிருக்கு எங்கள் ஊரில் ஒரே மருந்து நாபிக்கிழங்குதான்; பச்சையாகத் தின்றால் விஷம். வைத்தியர் எழுதிக் கொடுத்தார். ஷென் முதலாளி கடையில் பதப்படுத்தின துண்டு, அதோடு சுக்கு, பட்டை, அதிமதுரம். கிழங்குத் துண்டை மட்டும் முதலில் போட்டு ஒரு வத்தி முழுக்க எரிகிறவரை கொதிக்கவிட வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. கொதிக்கவைக்கிறவள் அடுப்பைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. சுன்யிங் எழுந்திருக்கவில்லை. நேற்றுப் பொழுதுசாய அவள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என் அடுப்படியிலிருந்து நானே பார்த்தேன்.

அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். விடியும் நேரத்தில், அவன் மருந்தைக் குடித்துவிட்டுப் படுத்த கொஞ்ச நேரத்தில், எனக்குக் கேட்டது.

“சுன்யிங், உதடு மரக்குது.”

“தூக்கக் கலக்கம். படுங்க.”

“விரல்ல எறும்பு ஊருது. எல்லா விரல்லயும்.”

“எழுந்திருங்க! எழுந்து வாந்தி எடுங்க! வாயைத் திறங்க!”

“நாக்கு... என் நாக்கு என்னுது இல்லடி.”

அதற்கப்புறம் கட்டில் பலகை அடித்துக்கொண்ட சத்தம். அவள் அடித்துக்கொண்ட சத்தம்.

நாபிக்கிழங்கு விளைகிற ஊரில் இதற்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, குழந்தைகூடச் சொல்லும். கிழங்கின் விஷம் சாகவில்லை. அப்படியானால் குற்றம் இரண்டே இடத்தில்தான் இருக்க முடியும். ஒன்று சுன்யிங்கின் அடுப்பு. இல்லாவிட்டால் என் அண்ணனின் நாக்கு.

என் அண்ணன் பெய் சாங்கெங். ஊரில் ‘நாக்கு பெய்’ என்றால்தான் தெரியும். ஷென் முதலாளி கடையில் தோண்டியெடுத்த கிழங்கை உப்புக்கிணற்றுக் கசப்புத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, வேகவைத்து, சீவி, அலசி, ஆவிகாட்டி, காயவைப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு துண்டை என் அண்ணன் மென்று நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு நிற்பான். நாக்கு மரத்தால் தட்டு திரும்பவும் தண்ணீருக்குப் போகும். மரக்காவிட்டால், “மரக்கல, மூடுங்க,” என்பான். ஜாடியை மூடுவார்கள். ஒரு துண்டு ஆளைக் கொல்லாது. ஒரு பிடி கொல்லும். வன்சாய்க்கு எழுதினது ஒரு பிடி.

ஆகவே கிழங்குக் காலம் முழுக்க என் அண்ணன் பூமிளகு தொடக் கூடாது. பூமிளகும் நாக்கை மரக்கவைக்கும் சாமான், தின்றால் மரப்பு எதனுடையது என்று தெரியாது. எங்கள் ஊர் சமையலில் அது இல்லாத கிண்ணம் கிடையாது. ஷென் முதலாளி வருஷா வருஷம் தெருவில் நின்று கத்துவார்: “சாங்கெங்குக்கு எவனாவது மிளகு குடுத்தான்னு கேள்விப்பட்டேன், அவன் கையை முறிப்பேன்!” தெரு சிரிக்கும். ஆனால் யாரும் கொடுக்கமாட்டார்கள்.

நான் கொடுத்தேன். பதினேழு நாளைக்கு முன்னால்.

“லான், புது மிளகு வந்துருச்சாமே?”

“வந்துருச்சு. உனக்கு இல்ல.”

“வாசம் மட்டும்.”

“வாசம் பிடிக்க மூக்கு போதும். கிண்ணத்தை ஏன் நீட்டற?”

“முப்பத்தோரு நாளாச்சுடி. நாக்கு பொணம் மாதிரி கெடக்கு வாயில. ஒரு சிட்டிகை. தட்டு சாயங்காலம்தான் வரும், அதுக்குள்ள இறங்கிரும்.”

அம்மா செத்த வருஷம் என்னை முதுகில் கட்டிக்கொண்டு கிழங்கு தோண்டப் போனவன் அவன். ஒரு சிட்டிகை போட்டேன். அப்புறம் இன்னொரு சிட்டிகை. மூக்கு ஒழுக, கண் கலங்க, சொர்க்கத்துக்குப் போய்வந்தவன் மாதிரி தின்றான். கடைசி வாய் நூடுல்ஸ் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கத்திலிருந்து ஷென் முதலாளி குரல்: “சாங்கெங்! தட்டு வந்தாச்சு! படகு கிளம்பப் போகுது, ஓடி வா!”

“போகாத. நாளைக்குப் பாக்கறேன்னு சொல்லு,” என்றேன்.

“ஏன்னு கேட்டா? மிளகு தின்னேன்னு சொல்லவா? என் நாக்கை அறுத்து ஊறுகா போட்ருவாரு.” என் தேநீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடினான்.

தெருவின் குறுக்கே எனக்குக் கேட்டது. முதலாளி, “எப்படி?” என்றார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவன் குரல், “மரக்கல. மூடுங்க.” எட்டு ஜாடி மூடினார்கள். ஏழு படகேறி ஆற்றோடு கீழே போயின. ஒன்று கடையில் நின்றது. அதிலிருந்துதான் வன்சாய்க்கு அளந்து கொடுத்தார்கள்.

அதைத்தான் நான் என் அடுப்பருகில் நின்று நினைத்துக்கொண்டிருந்தேன், சுன்யிங்கின் தலை நிலையில் மோதிக்கொண்டிருந்தபோது.

“கையைக் கட்டுடா,” என்றான் வன்ஃபு.

“எங்கண்ணே கொண்டுபோறது?” என்றான் வன்குய்.

“துறைக்கு. கழுத்துல கல்லைக் கட்டி, அவன் இழுத்த அதே தண்ணியில போடுவோம். அவனுக்குத் துணையாப் போகட்டும்.”

அது படைத்தலைவர்கள் மாறிமாறி வந்துகொண்டிருந்த வருஷம். எங்கள் தெருவில் ஒருத்தியை ஆற்றில் போட்டால், ஏன் என்று கேட்க எந்த அதிகாரியும் செருப்பு மாட்டிக்கொண்டு வரமாட்டான். தெருவே வாசலில் நின்றது. எல்லோரும் பேசினார்கள். யாரும் நகரவில்லை.

“பாவம், நல்லவதான்.”

“நல்லவதான். அடுப்புப் பக்கத்துல தூங்கிட்டா போல.”

“புள்ளையும் இல்ல. யாருக்காக இருக்கப் போறா?”

“நீ வாயை மூடு. உனக்கு ஆறு இருக்கு, நீ யாருக்காக இருக்க?”

நான் போய் சுன்யிங்கின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். “அவ எழுந்திருக்கவே இல்ல! நான் பாத்தேன்!”

“நூடுல்ஸ்காரிக்கு என்னடி இதுல?” என்று வன்குய் என் தோளில் குத்தினான். நான் விடவில்லை. அடுத்து அவன் என் அடுப்பை உதைத்தான். சாற்றுப் பானை கவிழ்ந்து என் இடது பாதத்தில் கொட்டியது. என் கை தானாக விட்டுவிட்டது. பாதத்தைப் பார்த்தபோது தோல் காலுறை மாதிரி சுருங்கிக்கொண்டிருந்தது.

அவளை முடியைப் பிடித்துத் தெருவில் இழுத்தார்கள். ஒரு வைக்கோல் செருப்பு என் வாசலில் கழன்றது. ஷென் கடையைத் தாண்டும்போது அவள் உடம்பைத் திருப்பி, கட்டியிருந்த கைகளால் வாசல் தூணை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“விடு,” என்றான் வன்ஃபு.

“அந்த ஜாடி உள்ள இருக்கு! அதுலருந்து ஒரு துண்டை எடுத்து யாராவது நாக்குல வைங்க! பதம் பண்ணினது மரக்கக் கூடாது, கொதிக்கவைக்காமத் தின்னாலும் மரக்கக் கூடாது! வெச்சுப் பாருங்க!”

“விடுங்கறேன்ல.”

“வெச்சுப் பாத்துட்டு என்னைக் கொல்லுங்க மூத்தாரே! நானே கல்லைக் கட்டிக்கறேன்!”

வன்ஃபு கத்தியை உருவினான். கூர்ப்பக்கத்தைத் திருப்பி, தடித்த முதுகால் தூணைப் பிடித்த விரல்கள் மேல் அடித்தான். பன்றித் தொடை எலும்பு உடைகிற சத்தம் எங்கள் தெருவுக்குப் பழக்கம். இது அதைவிடச் சின்னச் சத்தம். மூன்று தடவை கேட்டது. அவள் விடவில்லை. உடையாத விரல்களால் பிடித்திருந்தாள்.

உள்ளேயிருந்து என் அண்ணன் வந்தான். கையில் கொப்பறை கிளறுகிற நீளத் துடுப்பு.

“யார் வாசல்ல நின்னுக்கிட்டு யார் சரக்கைப் பேசற?”

“சாங்கெங் அண்ணே, நீங்களே வெச்சுப் பாருங்க. உங்க நாக்கு பொய் சொல்லாதுன்னு ஊருக்கே தெரியும்.”

“நான் வெச்சுப் பாத்துத்தான் மூடினேன்!”

“இன்னொரு தடவை பாருங்க. அவ்வளவுதானே கேக்கறேன்? மரக்கலைன்னா—”

துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து அவள் வாயில் அடித்தான்.

அவள் தூணோடு சரிந்து உட்கார்ந்தாள். துப்பினாள். இரண்டு பல் வந்தது, பின்னால் ரத்தம் வந்துகொண்டே இருந்தது. கூட்டம் பின்னால் நகர்ந்தது. வன்ஃபுகூட ஒரு அடி பின்னால் போய் அவனைப் பார்த்தான். தம்பியைப் பறிகொடுத்தவன் அடித்தால் அது ஒரு நியாயம். இவனுக்கு என்ன?

“அண்ணே!” என்றேன்.

“நீ வீட்டுக்குப் போ.”

“எதுக்கு அண்ணே அவ வாயில அடிச்ச?”

“காலைப் பாரு, வெந்துபோயிருக்கு. போய் எண்ணெய் வை. போ!”

அவன் என் காலைப் பார்த்துச் சொன்னான். முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் ஷென் முதலாளி வெளியே வந்தார். தொப்பை முன்னால், அவர் பின்னால். தூணில் வழிகிற ரத்தத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

“வன்ஃபு, இவளை ஆத்துல போட்டுட்டு நீ பன்றி அறுக்கப் போயிருவ. நாளைக்கு என் கடையைத் தாண்டிப் போறவன் எல்லாம் என்ன சொல்வான்? ‘ஜாடியைத் திறக்கச் சொன்னா, வாயை உடைச்சாங்க’ம்பான். நாலு தலைமுறைக் கடை. ஜாடியைத் திறப்போம்.”

“முதலாளி, எதுக்கு?” என்றான் அண்ணன். “நான்தான்—”

“உன் நாக்கை நம்பித்தான்டா சொல்றேன். எல்லார் முன்னாலயும் ஒரு துண்டை மெல்லு. இருநூறு எண்ணுவோம். மரக்கலைன்னு சொல்லு. அப்புறம் வன்ஃபு பாடு, ஆத்துப் பாடு. மரத்துதுன்னா...” அவர் சிரித்தார். “மரத்துதுன்னா இந்த வன்ஃபு நம்ம ரெண்டு பேரையும் கொக்கியில மாட்டிருவான்.”

“முதல்ல உன்னை, முதலாளி. உங்கிட்டதான் கொழுப்பு அதிகம்,” என்றான் வன்ஃபு. சிரிக்காமல் சொன்னான். “ஆனா உன் ஆளுங்க யாரும் உள்ள போய் எடுக்கக் கூடாது. வேற ஜாடியில கை விடுவானுங்க.”

“நீ போய் எடு.”

“எனக்கு எந்த ஜாடி எதுன்னு தெரியுமா?”

“இவன் தங்கச்சி போகட்டும்,” என்று கூட்டத்தில் ஒரு கிழவன் சொன்னான். “தினம் சாப்பாடு கொண்டுபோறவதானே. ஜாடி தெரியும்.”

“நல்லா இருக்கே! அண்ணன் தலைக்குத் தங்கச்சி கத்தி எடுத்துக் குடுப்பாளா?” என்று இன்னொருத்தி சிரித்தாள்.

வன்ஃபுவுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. அவனுக்கு வேண்டிய பதில் சீக்கிரம் வந்தால் போதும். சுன்யிங்கைக் காலால் தட்டினான். “நீ என்னடி சொல்ற? நூடுல்ஸ்காரி போகலாமா? அப்புறம் ஆவியா வந்து, நியாயம் கிடைக்கலன்னு என் வாசல்ல அழக் கூடாது.”

அவள் தலையைத் தூக்க நேரமானது. உதடு கிழிந்து தொங்கியது. என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

“லான் போகட்டும்,” என்றாள். “எனக்குச் சம்மதம்.”

நான் நொண்டிக்கொண்டு படியேறினேன். வாசலை மறைத்து நின்ற அண்ணன் வழிவிடுகிற மாதிரி விலகி என் காதருகே குனிந்தான்.

“இடதுபக்க ஜாடி. பழசு. போன வருஷத்தது.”

“அண்ணே, அவளைக் கொன்னுருவாங்க.”

“இல்லன்னா என்னை. நீதான்டி மிளகு போட்ட.”

உள்ளே இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. ஜாடிகள் என் இடுப்பு உயரம். இடதுபக்கம் சிவப்புத் தாள் வெளிறிப்போன பழைய ஜாடி. வலதுபக்கம் தாள் இன்னும் பளிச்சென்று இருந்த புதுசு, மூடி பாதி திறந்தபடி. வன்சாய்க்கு அளந்தபோது திறந்தது. இரண்டிலும் துண்டுகள் ஒரே மாதிரி: மஞ்சள், மெல்லிசு, வெயிலில் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும். மருந்துத் தெய்வம் சுவரிலிருந்து என்னைப் பார்த்தது. வெளியே பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

“என்ன இவ்வளவு நேரம்? கிழங்கை நட்டு வளக்கறாளா?”

“கால் வெந்தவடா. பொறு.”

“வன்ஃபு, கயிறு பத்துமா? கல்லுக்குத் தனியா வேணாமா?”

பழைய ஜாடியில் கையை விட்டேன். ஒரு பிடி எடுத்துத் தட்டில் போட்டேன். வெளியே வன்குய் கேட்டான், “அண்ணே, இவ மூச்சு விடறாளா?” வன்ஃபு, “ஆத்துல விடுவா,” என்றான். ரெண்டு பேர் சிரித்தார்கள். அதில் ஒரு சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. என்னை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தபோது, என் காதுக்கு அடியில் குலுங்கிய சிரிப்பு.

தட்டிலிருந்ததைத் திரும்ப ஜாடிக்குள் கொட்டினேன். தட்டை முந்தானையால் துடைத்தேன். வலதுபக்க ஜாடியிலிருந்து அள்ளினேன். ஒரு பிடி, அப்புறம் இன்னொரு பிடி.

வெளியே தட்டை நீட்டியதும் அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன். அவன் நிம்மதியாக, கடைத்தெருவில் வித்தை காட்டுகிறவன் மாதிரி, இரண்டு விரலால் ஒரு துண்டைத் தூக்கி வெயிலில் காட்டினான்.

“எல்லாரும் பாருங்க. நம்ம ஜாடி, நம்ம சரக்கு.”

“பாத்தாச்சு, தின்னு!”

வாயில் போட்டு மென்றான். நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு கையைக் கட்டி நின்றான். ஷென் முதலாளி எண்ண ஆரம்பித்தார். தெரு கூட எண்ணியது. நாற்பதில் ஒருவன் தப்பாக எண்ணினான்.

“நாப்பத்தொண்ணு, நாப்பத்தி மூணு—”

“ரெண்டை எங்கடா விட்ட? உன் பெண்டாட்டிகிட்டயா?”

“எண்ணத் தெரியாதவனெல்லாம் வாயை மூடு!”

அறுபது வரை அவன் முகத்தில் ஒன்றுமில்லை. எழுபதில் புருவம் அசைந்தது. தொண்ணூறில் கட்டியிருந்த கையை அவிழ்த்தான். நூறைத் தாண்டினதும் என்னைப் பார்த்தான். கேள்வி கேட்கிற பார்வை. நான் இந்தத் தடவை திரும்பிப் பார்த்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. துப்ப முடியாது, இருநூறு ஜோடிக் கண் அவன் வாயில் இருந்தது.

“நூத்தி தொண்ணூத்தொம்பது. இருநூறு!” என்றார் முதலாளி. “சாங்கெங், சொல்லு. எப்படி?”

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பதினேழு நாளைக்கு முன்னால் தெருவின் குறுக்கே நான் கேட்ட அதே கொஞ்ச நேரம்.

“மரக்கல,” என்றான்.

தெரு மொத்தமும் ஒரு மூச்சு விட்டது. முதலாளி தொடையைத் தட்டினார். “கேட்டீங்களா? கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்?” வன்ஃபு கத்தியை இடுப்பில் சொருகி, சுன்யிங்கின் தலைமுடியைக் கையில் ஒரு சுற்று சுற்றித் தூக்கினான். அவள் இந்தத் தடவை தூணைப் பிடிக்கவில்லை. பிடிக்க விரலில் வலு இல்லை. ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இழுபட்டுப் போகும்போதும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. என்னிடம் ஒப்படைத்துவிட்ட ஒன்றைத் திரும்பக் கேட்காதவள் மாதிரி இருந்தாள்.

என் அண்ணனின் வாயோரத்திலிருந்து எச்சில் வழிந்தது. மெல்லிய கோடாக இறங்கி, தாடையில் தங்கி, சட்டையில் சொட்டியது. அவன் துடைக்கவில்லை. அவனுக்கு அது தெரியவில்லை.

“வன்ஃபு அண்ணே, நில்லுங்க!” என்றேன்.

என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. வன்ஃபு திரும்பினான். வன்குய் கயிற்றோடு நின்றான். எல்லோரும் முதலில் என்னைப் பார்த்தார்கள், பிறகு நான் பார்க்கிற இடத்தைப் பார்த்தார்கள். தாடை ஈரத்தைப் பார்த்தார்கள்.

நான் வெந்த காலை இழுத்துக்கொண்டு போய்த் தட்டை அவன் நெஞ்சுக்கு நேராக நீட்டினேன்.

“அண்ணே, மரக்கலைன்னா, தட்டுல இன்னும் ரெண்டு பிடி இருக்கு. தின்னு.”